எட்டுப் பேரும் ஆளுக்கு 500 டாலரும்

சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றதும் பேச்சு உடனே கூகுள், ஆப்பிள் என்று போய்விடும். ஆனால் கிடுகிடுவென்று வளரும் ஒரு டெக்னாலஜி கம்பெனியில் இன்ஜினியராக இருப்பவருக்கு அந்த வளர்ச்சியில் என்ன பங்கு என்ற சண்டை அங்கே 1957லேயே ஆரம்பித்துவிட்டது. கம்பெனியின் பெயர் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர்.

அதற்கு முன்னால் வில்லியம் ஷாக்லி பற்றிக் கொஞ்சம். டிரான்சிஸ்டருக்காக 1956ல் பார்டீன், பிராட்டைன் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதே வருடம் கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் ஆய்வுக்கூடம் திறந்து, நாடு முழுக்கத் தேடி இளம் விஞ்ஞானிகளைச் சேர்த்தார். ஆள் பிடிப்பதில் மேதை, ஆளை வைத்துக்கொள்வதில் பூஜ்யம்! ஆபீசில் ஒருவருக்குக் கையில் சின்னக் காயம் பட்டதற்கே சதி என்று சந்தேகப்பட்டு, பொய் கண்டுபிடிக்கும் சோதனை வரை போனார். சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று வந்தவர்களை நான்கு அடுக்கு டயோடு பக்கம் திருப்பிவிட்டார்.

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் வெளியேறினார்கள். ராபர்ட் நாய்ஸ், கோர்டன் மூர், ழான் ஹோர்னி, யூஜின் கிளைனர், ஜே லாஸ்ட், ஜூலியஸ் பிளாங்க், விக்டர் கிரினிச், ஷெல்டன் ராபர்ட்ஸ். இருப்பதிலேயே மூத்தவரான கிளைனருக்கு வயது 34. 'துரோகிகள் எட்டுப் பேர்' என்ற பட்டம் இவர்களுக்கு நிலைத்துவிட்டது.

இனி வருவதை காமர்ஸ் மாணவர்கள் கவனித்துப் படிக்கவும். ஆர்தர் ராக் என்ற இளம் முதலீட்டு ஆலோசகர் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளிடம் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கையை விரித்த பிறகு, ஃபேர்சைல்ட் கேமரா என்ற கிழக்குக் கரை கம்பெனி சரி என்றது. புதுக் கம்பெனிக்கு மொத்தம் 1325 பங்குகள். எட்டுப் பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு நூறு நூறு பங்கு எடுத்துக்கொண்டார்கள். ராக் வேலை பார்த்த நிறுவனத்துக்கு 225. மீதி 300, பின்னால் வரும் மேனேஜர்களுக்கு. ஃபேர்சைல்ட் கேமரா கடனாகக் கொடுத்தது சுமார் 13.8 லட்சம் டாலர். கூடவே ஒரு ஷரத்து: ஆரம்ப வருடங்களில் எப்போது நினைத்தாலும் எல்லாப் பங்குகளையும் 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். அதாவது கம்பெனி எவ்வளவு பெரிதாக ஜெயித்தாலும் எட்டுப் பேருக்கும் அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது.

ஜெயித்தது. 1958ல் ஐபிஎம் நூறு டிரான்சிஸ்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஒன்று 150 டாலர் விலையில். அனுப்ப சரியான பெட்டி இல்லாமல், கடையிலிருந்து வாங்கி வந்த பாத்திரம் தேய்க்கும் பிரில்லோவின் அட்டைப் பெட்டிதான் பார்சலுக்கு உதவியது. பிறகு ஒரு தலைவலி. சில டிரான்சிஸ்டர்களை பென்சிலால் தட்டினாலே கெட்டுப்போயின. உள்ளே கிடந்த தூசு நகர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். மேலே படியும் ஆக்சைடு அடுக்கை வழித்து எடுக்காமல் கவசமாக அப்படியே விட்டுவிடலாம் என்று ஹோர்னி சொன்னார். அதுதான் 1959ன் பிளேனர் முறை. அதன் மேல்தான் நாய்ஸ் தன்னுடைய ஐ.சி. யோசனையைக் கட்டினார். இன்றைய சிப்களுக்கெல்லாம் இதுதான் தாய்வழி.

அந்த 1959லேயே தாய்க் கம்பெனி ஷரத்தைப் பயன்படுத்திக்கொண்டது. ஆளுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள தாய்க் கம்பெனிப் பங்குகள் கிடைத்தன. 500 டாலருக்கு இது பிரமாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்று மாலையிலிருந்து அவர்கள் முதலாளிகள் இல்லை, சம்பளக்காரர்கள். லாபம் சம்பாதிப்பது கலிஃபோர்னியாவில், அதை எங்கே போடுவது என்று முடிவெடுப்பது நியூயார்க் பக்கத்தில். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு அந்த இரண்டு லட்சமும் இல்லை, பங்கு உரிமையும் எளிதில் கிடைக்கவில்லை.

ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஹோர்னி, லாஸ்ட், ராபர்ட்ஸ் எல்லாம் 1961ல் போனார்கள். ஐ.சி. வடிவமைப்பில் அசகாய சூரரான பாப் விட்லர், ராஜினாமாவின்போது கொடுத்த நீண்ட கேள்வித்தாளில் தனக்குப் பணக்காரனாக ஆசை என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார் என்பார்கள். (போனது நேஷனல் செமிகண்டக்டருக்கு. 1970ல், 33 வயதில் அங்கிருந்தும் விலகி மெக்சிகோ கடற்கரையில் குடியேறிவிட்டார். ஆசை பலித்தது!) 1967ல் உற்பத்தியைக் கவனித்த சார்லஸ் ஸ்போர்க்கும் அங்கேதான் போனார்.

1968ல் நாய்ஸும் மூரும் கிளம்பினார்கள். இன்டெல்லுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது அதே ஆர்தர் ராக், 25 லட்சம் டாலர். இந்த முறை யாருக்கும் '30 லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்' என்ற ஷரத்து இல்லை. இன்ஜினியர்களுக்கும் பங்கு உரிமை என்று முடிவானது.

நாய்ஸ் போனதும் ஃபேர்சைல்ட் மோட்டரோலாவிலிருந்து லெஸ்டர் ஹோகனைத் தலைவராகக் கொண்டுவந்தது. தன் இன்ஜினியர்களுக்குப் பங்கு தர அத்தனை வருடம் கை நடுங்கிய கம்பெனி, வெளியிலிருந்து வந்தவருக்குப் பெரிய சம்பளமும் சலுகை விலையில் பங்குகளும் அள்ளிக் கொடுத்தது. 1979ல் ஃபேர்சைல்டையே ஷ்லம்பர்ஜர் என்ற எண்ணெய் வயல் சேவைக் கம்பெனி வாங்கிவிட்டது.