தமக்கையின் வளையல்கள்



திருச்சிராப்பள்ளியிலுள்ள தூய வளனார் கல்லூரியில், 1950ஆம் ஆண்டு இராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். தந்தையார் ஜைனுலாபிதீன், தாயார் ஆஷியம்மா. செல்வம் மிகுந்த குடும்பமன்று. 2002ஆம் ஆண்டில் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்தான் அந்த மாணவர். (நம் பெரியவர்கள் இதே ஊரில் ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவியது அதற்கு அடுத்த ஆண்டில்.) அவருடைய ஏவுகணைகளை நம் பிள்ளைகள் அறிவார்கள். திருச்சி நாட்களை நாம் அவர்களுக்குச் சொல்வது குறைவு.

விடுதி வாழ்க்கை அவருக்குப் புதிதன்று. அதற்கு முன்பே இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது வீட்டு ஏக்கம் அவரை வாட்டியது. தமக்கை ஸொஹராவின் கணவர் அஹ்மத் ஜலாலுத்தீன்தான், மனத்தைத் தளரவிடாதே, நல்லதையே எண்ணு என்று தேற்றியவர். ஆசிரியர் அய்யாதுரை சாலமன், உறுதியாக விரும்பி நம்புகிறவன் அடைவான் என்ற எண்ணத்தை ஊட்டினார். தன்னம்பிக்கை என்று நாம் இன்று பெயரிட்டு அழைப்பது, அந்தச் சிறுவனுக்கு இப்படிப் பிறர் வாயிலாகவே வந்து சேர்ந்தது.

திருச்சி விடுதியில் அவருடைய அறைத் தோழர்கள் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் இணக்கமாக வாழ்ந்தனர். விடுதிக் காப்பாளர் அருட்தந்தை சிகுவேரா இரவுதோறும் மாணவர் ஒவ்வொருவரையும் பார்த்து நலம் விசாரிப்பார். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்காக அறைதோறும் நல்லெண்ணெய் வழங்கச் செய்வார். மூன்றாமாண்டில் சைவ உணவுக்கூடத்தின் செயலாளர் பொறுப்பு கலாமுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அதிபரை விருந்துக்கழைத்து, தத்தம் ஊர்ப் பக்குவங்களையெல்லாம் சமைத்துப் பரிமாறினார்களாம்!

நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இயற்பியலில் பட்டம் பெறும் வேளையில்தான், தம் வழி இதுவன்று, பொறியியலே என்று அவர் உணர்ந்தார். பெற்றோர்களே, சற்று நின்று எண்ணிப் பாருங்கள். படித்து முடித்த மகன் வந்து, “எனக்கு ஏற்ற படிப்பு இதுவல்ல” என்று சொன்னால் நம் வீட்டில் என்ன பதில் கிடைக்கும்? “இத்தனை ஆண்டும் பணமும் பாழா?” என்பதுதானே! அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே வாய் திறக்காமல் விடுதி அறையில் புழுங்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்கோ ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். அது தந்தையாரின் சக்திக்கு மீறிய தொகை. ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மணமான ஒரு பெண் தன் நகையைக் கழற்றிக் கொடுப்பதன் பொருள், இதை வாசிக்கும் தாய்மார்களுக்கு நன்கு தெரியும். தம்பி மீது அவருக்கிருந்த நம்பிக்கை அத்தகையது.

அந்நகையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவதென்று தம்பி உறுதி பூண்டார். மாணவராயிருக்கையில் சம்பாதிக்க அவர் கண்ட ஒரே வழி உதவித்தொகை. அதைப் பெறும்பொருட்டு முழு மூச்சாகப் படிப்பில் இறங்கினார்.