உண்டியலின் மேல் நின்ற சிறுமி: நிதி திரட்டலிலும் ஊடகத்திலும் மாற்றுத்திறனாளிகள் காட்டப்பட்ட வரலாறு

படிவம் 4, 5 மாணவர்களிடம் மாற்றுத்திறனாளிகள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், "அவர்களைக் கண்டு நாம் இரக்கம் கொள்ள வேண்டும்" என்ற வரி எப்படியும் வந்துவிடும். தப்பான எண்ணத்தில் எழுதுவதில்லை, பாவம். அந்த வரியை அவர்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நாளிதழ்ப் படத்தில், புலனத்தில் வரும் காணொளியில், சினிமாவில், பாசார் மாலாமில் நீட்டப்படும் உண்டியலில் எல்லா இடத்திலும் அதே வரிதான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யார் அதை எதிர்த்தார்கள் என்ற வரலாறு தெரிந்தால் நம் மாணவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தவும், எஸ்.பி.எம். மாணவர்கள் கருத்து எடுத்துக்கொள்ளவும் ஏற்ற செய்திகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

பிரிட்டனிலிருந்து தொடங்கலாம். 1960கள், 70களில் அந்த நாட்டுக் கடைகளின் வாசலில் ஓர் உண்டியல் நிற்கும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சிறுமியின் சிலை அது. காலில் இரும்புத் தாங்கி, ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் காசு போடும் பெட்டி. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக 1952இல் தொடங்கப்பட்ட 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற சங்கம் வைத்த உண்டியல் அது. காசு சேர்ந்தது, பள்ளிகளும் நடந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரில் இருந்த 'ஸ்பாஸ்டிக்' என்ற மருத்துவச் சொல் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திட்டும் வசைச்சொல்லாக மாறிப்போனது. கடைசியில் 1994இல் சங்கமே தன் பெயரை 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. பிறகு டேமியன் ஹெர்ஸ்ட் என்ற சிற்பி அதே சிறுமியை ஏறக்குறைய 7 மீட்டர் உயர வெண்கலச் சிலையாக்கி, அவள் கையிலுள்ள பெட்டியை யாரோ உடைத்துக் காசைத் திருடியதுபோல் வடித்தார். சிலைக்கு அவர் வைத்த பெயர் 'தருமம்'.

அமெரிக்காவில் இதே வேலையைத் தொலைக்காட்சி செய்தது. தசைச் சிதைவு நோய்க்கு நிதி திரட்ட, நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் 1966 முதல் ஒவ்வோர் ஆண்டும் தொழிலாளர் தின விடுமுறையில் விடிய விடிய ஒரு நேரலை நிகழ்ச்சி நடத்தினார். பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவருவார், அழுவார், பார்ப்பவர்களும் அழுதுகொண்டே பணம் அனுப்புவார்கள். 1981 செப்டம்பரில் இவான் கெம்ப் என்பவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அதை எதிர்த்து எழுதினார். அவரே தசை நோய் உள்ளவர், சக்கர நாற்காலியில் இயங்கியவர், வழக்கறிஞர். இந்த நிகழ்ச்சி எங்களைக் குழந்தைகளாகவே காட்டுகிறது, எங்கள் நிலைமையைப் பார்த்து மக்களைப் பயப்பட வைக்கிறது, அப்படிப் பயந்தவர்கள் எங்களுக்கு வேலையோ வீடோ தர மாட்டார்கள் என்பது அவர் வாதம். கவனியுங்கள், பணம் திரட்டாதே என்று அவர் சொல்லவில்லை. பணம் திரட்டும் விதம் எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது என்றார். 1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டபோது பக்கத்தில் இருந்தவர்களில் கெம்ப்பும் ஒருவர். அதே ஆண்டில் லூயிஸ் ஒரு வார இதழில், தனக்கு அந்த நோய் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, சக்கர நாற்காலியில் இருப்பவன் அரை மனிதன் என்ற பொருள்பட எழுதினார். சிறுவயதில் அவர் நிகழ்ச்சிக்கான விளம்பரங்களில் முகம் காட்டியவர்களே பெரியவர்களாகிச் சிகாகோவில் அவருக்கு எதிராகப் போராடினார்கள்.

பிரிட்டனில் 1992இல் ஐ.டி.வி. நடத்திய இதே வகை நிகழ்ச்சியின்போது மாற்றுத்திறனாளிகள் திரளாக லண்டன் படப்பிடிப்புக் கூடத்தின் வெளியே மறியல் செய்தார்கள். அவர்கள் சட்டையில் இருந்த வாசகத்தை அப்படியே வகுப்பில் மொழிபெயர்க்க முடியாது. 'உங்க இரக்கம் எங்களுக்கு வேண்டாம்' என்பதை ரொம்பக் காரமாகச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டு விஷயம் என்று மாணவர்கள் நினைத்துவிடக்கூடாது. இந்த எழுச்சியின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் பக்கத்து வீட்டில்தான் நடந்தது. 1980இல் கனடாவின் வினிபெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு கூடியது. மருத்துவர்களும் அதிகாரிகளும்தான் அங்கே பேச்சாளர்கள். முடிவெடுக்கும் குழுவில் எங்களுக்குச் சரிபாதி இடம் கொடுங்கள் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. தனி அமைப்பு காண்பது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். மறு ஆண்டு, அதாவது ஐ.நா. அறிவித்த அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டான 1981இல், அந்த உலக அமைப்பின் முதல் மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ரோன் சந்திரன்-டட்லி. பார்வையற்றவர். நம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் உலக இயக்கத்துக்குத் தலைமை தாங்கியது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது பிரிக்பீல்ட்சுக்கு வருவோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது, அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்சில் இருக்கிறது. அதன் கீழ் இயங்கிய கர்னி பயிற்சி மையம் பார்வையற்றவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. படித்தவர்கள் தொலைபேசி இயக்குநர்களாகவும் உடம்புபிடித்து விடுபவர்களாகவும் வேலைக்குப் போனார்கள். 1960களில் பார்வையற்றவர்களே நடத்தும் இன்னொரு சங்கமும் உருவானது. 'பார்வையற்றோருக்காக' என்பதற்கும் 'பார்வையற்றோருடைய' என்பதற்கும் உள்ள வேற்றுமையை இலக்கண வகுப்பில் நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை என்று நடத்துகிறோமே, அந்த இரண்டு உருபுக்கு நடுவில்தான் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வெள்ளைக்கோலோடு வேலைக்குப் போகிறவர்களைத் தினம் பார்க்கலாம். மசாஜ் கடை நடத்துகிறவர், சாப்பாட்டுக் கடையில் மெல்லிழைத்தாள் விற்கிறவர், அலுவலகத்துக்குப் போகிறவர் எல்லாரும் அதில் உண்டு. ஆனால் அதே மக்கள் நாளிதழில் எப்போது வருகிறார்கள்? பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு பெரிய அட்டைக் காசோலை, அதன் இரு பக்கமும் கொடுத்தவர்கள், கீழே சக்கர நாற்காலியில் பரிசுக்கூடையை மடியில் வைத்தபடி ஒருவர். படத்தின் கீழே நிறுவனத்தின் பெயர் இருக்கும், தலைவரின் பட்டம் இருக்கும், தொகை ரிங்கிட் சென்னோடு இருக்கும். கூடை வைத்திருப்பவரின் பெயர் மட்டும் இருக்காது. கொடுப்பதைக் குறை சொல்லவில்லை, அந்த உதவி பல இல்லங்களுக்குத் தேவை. ஆனாலும் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என்பதே ஒரு செய்திதான்.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டின் சட்டம் 200 உரிமம் கேட்கிறது. அது ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வந்த சட்டம், உண்டியலில் ஒட்டிய படம் எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) நடைமுறைக்கு வந்தது. முன்பு 'ஓராங் சாசாட்' என்று பேசிய நாடு 'ஓராங் கூராங் உப்பாயா' என்று சட்டத்திலேயே எழுதியது. பாகுபாடு காட்டுபவருக்குத் தண்டனை இல்லை என்பது அந்தச் சட்டத்தின் மீது இன்றுவரை சொல்லப்படும் குறை. 2010 ஜூலையில் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது. அதன் 8ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். தவறான பிம்பங்களை எதிர்க்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளை மதிப்போடு காட்டும்படி ஊடகங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று நாடுகள் அதில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கல்வித் துறையின் எல்லா நிலைகளிலும் மதிக்கும் மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. அது நேராக நம் மேசைக்கு வருகிறது. 2013இல் சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன் மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் சொல் மாறிய கதையும் நம் பாடத்துக்கு உதவும். பழைய வசைச்சொற்கள் போய் 'ஊனமுற்றோர்' வந்தது, அதன் பிறகு 'மாற்றுத்திறனாளி' வந்தது. நம் நாட்டில் 'உடற்பேறு குறைந்தோர்' என்றும் எழுதுகிறோம். என்னைக் கேட்டால், சொல்லை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தை மாற்றாமல் இருந்தால் புதுச்சொல்லும் சீக்கிரம் பழசாகிவிடும். 'ஸ்பாஸ்டிக்' என்ற சொல்லுக்கு நடந்தது அதுதானே. சினிமாவில் 1981இல் வந்த 'ராஜபார்வை' பார்வையற்ற வயலின் கலைஞனைக் காதலிக்கிற, கோபப்படுகிற மனிதனாகக் காட்டியது. 2007இல் 'மொழி' படத்தின் நாயகி காது கேளாதவள், ஆனால் யார் தயவையும் எதிர்பார்க்காதவள். இடையிலும் பிறகும் திக்குவாயையும் காது கேளாமையையும் வைத்துச் சிரிக்கவைத்த படங்களை எண்ணி மாளாது. 2024 ஜூலை 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் இந்திப் படத்தைப் பற்றிய வழக்கில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தது. மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று தீர்ப்பு பிரித்துச் சொன்னது. படம் எடுப்பவர்கள் சம்பந்தப்பட்டவர்களையே கலந்து பேச வேண்டும் என்றும் சொன்னது.

இலக்கியத்திலிருந்து மேற்கோள் வேண்டுமென்றால் குறள் 618 இருக்கிறது. அதில் வரும் 'பொறி' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் விதி என்று உரை சொன்னார், சாலமன் பாப்பையா உடல் உறுப்பு என்று கொண்டார். எந்த உரையைப் பின்பற்றுகிறோம் என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவருக்கு நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் போனார்கள், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார். தமிழ் மரபு அவர்களை நினைவில் வைத்திருப்பது வெண்பாவுக்காக, இரக்கத்துக்காக இல்லை.

இரக்கத்தை விட்டவர்கள் உடனே போய் விழும் இன்னொரு பள்ளம் 'தன்முனைப்பு'. ஆஸ்திரேலிய எழுத்தாளரும் நகைச்சுவைக் கலைஞருமான ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரை இதைப் பற்றியது. சக்கர நாற்காலியில் இயங்கிய அவருக்குப் 15 வயதில் ஊர்க்காரர்கள் சாதனை விருது தரப் பார்த்தார்களாம். 'நல்ல எண்ணம்தான், ஆனா அவ இன்னும் ஒண்ணும் சாதிக்கலையே' என்றார்களாம் பெற்றோர். பின்னாளில் அவர் ஆசிரியர் பயிற்சியின்போது ஒரு மேல்நிலை வகுப்பில் சட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, 20 நிமிடம் கழித்து ஒரு மாணவன் கை தூக்கிக் கேட்டான்: 'மிஸ், உங்க பேச்சை எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?' சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் ஊக்க உரை ஆற்றத்தான் வருவார் என்று அவன் பழகியிருக்கிறான்.

வகுப்பு நடவடிக்கைக்கு ஒன்று. மாணவர்கள் நாளிதழிலிருந்து ஒரு நன்கொடைப் படத்தைக் கொண்டுவரட்டும். படத்தில் யார் நிற்கிறார், கேமரா மேலிருந்து பார்க்கிறதா கண் மட்டத்திலா, யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் பேசுகிறார், படம் எடுக்க அவரிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா என்று குழுவில் பேசட்டும். பிறகு படவிளக்கத்தை மாற்றி எழுதட்டும். 'ஆதரவற்ற உடற்குறையாளருக்கு நிறுவனம் சக்கர நாற்காலி வழங்கியது' என்பதை, 'பட்டறைக்கு வேலைக்குப் போய்வர மின்சாரச் சக்கர நாற்காலி கேட்டிருந்தார் இவர், இந்த வாரம் அது கிடைத்தது' என்று எழுதிப் பார்க்கலாம். 'இவர்' என்ற இடத்தில் அவர் பெயர் வர வேண்டும்; பெயர் போட அவர் சம்மதிக்கவில்லை என்றால் படமும் வேண்டாம்.