தாதியர் கல்வியும் தன்னம்பிக்கையும்

பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற நாளிலேயே ஒருவர் தம் தொழிலில் வல்லுநராகிவிடுவதில்லை. இவ்வுண்மை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவெனினும், நோயாளியின் உயிரோடு தொடர்புடைய தாதித் தொழிலிற் பெரிதும் கருதத்தக்கது. புதிய தாதி கற்றவற்றை மறவாது பேணுவது எங்ஙனம், தன்னம்பிக்கை அடைவது எங்ஙனம் என்னும் வினாக்கள், தாதியர்க்கு முறையான கல்வி தோன்றிய காலந்தொட்டே எழுந்தவையாகும்.

கிரிமியப் போரிற் காயமுற்றோரைப் பேணிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைப் பாராட்டி, 1855 ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கில மக்கள் ஏறத்தாழ 45,000 பவுண் நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு 1860 ஆம் ஆண்டிலே இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. பயிற்சிக்காலம் ஓராண்டு. தூய காற்று, வெளிச்சம், துப்புரவு, ஏற்ற உணவு, நோயாளியைக் கூர்ந்து நோக்கல் ஆகியனவே தாதியின் அடிப்படை அறிவு என்பதை அம்மையார் 1859 இல் வெளியிட்ட தம் நூலில் முன்னரே வலியுறுத்தியிருந்தார்.

ஆயினும் பாடசாலையின் முதற் பத்தாண்டுகள் குறைகளற்றன அல்ல. 1872 ஆம் ஆண்டளவில் அம்மையார் அதன் நிலையை ஆராய்ந்தபோது, விரிவுரைகள் ஒழுங்காக நிகழாமை புலனாயிற்று. மாணவியர் வேலை செய்தனர். ஆயின், செய்வதன் காரணத்தைப் போதிய அளவு கற்றிலர். அதனையடுத்துக் கற்பித்தற் பொறுப்பு ஜோன் குறொவ்ற் என்னும் சத்திரவைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. விடுதியில் மாணவியரோடு தங்கி, விரிவுரைகளை அவர்களுடன் மீள ஆராய்ந்து தெளிவிக்கும் பொருட்டு 'இல்லச் சகோதரி' என்னும் பதவியும் உருவாயிற்று.

அவ்வாண்டிலேயே அம்மையார் தாதியர்க்கு அறிவுரைக் கடிதம் எழுதத் தொடங்கினார். அது பயில்வோர்க்கு மட்டுமன்றி, முன்னர்ப் பயின்று வெளியேறியோர்க்கும் விடுக்கப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. முன்னேறாத தாதி பின்னடைவாள் என்பதே அதன் சாரம். இத்தகைய கடிதங்கள் இடையிட்டு 1900 ஆம் ஆண்டுவரை தொடர்ந்தன.

ஒரு நூற்றாண்டின் பின் அமெரிக்க ஆய்வாளர் இவ்வினாவை மீண்டும் எடுத்தனர். பாடசாலையிற் கற்ற இலட்சியத்துக்கும் வைத்தியசாலையின் நடைமுறைக்கும் இடைப்பட்ட வேற்றுமை புதிய தாதியரை அதிர்ச்சியுறச் செய்து, சிலரைத் தொழிலினின்றே விலகச் செய்தலை மார்லீன் கிறேமர் 1974 இல் எடுத்துக்காட்டினார். தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்த பற்றீசியா பெனர், ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய பின்னரே மூன்றாம் படியாகிய தகைமை வாய்க்கும் என 1984 இல் எழுதினார். எனவே, புதியவரின் தயக்கம் தனியொருவரின் குறைபாடன்று. அது வளர்ச்சியின் ஒரு படியேயாகும்.

பிரித்தானியாவில் 1990 களிலே புதிய தாதிக்கு மூத்த தாதியொருவரைத் துணையாக அமைக்கும் முறை பரவிற்று. 2016 ஆம் ஆண்டு முதல், மூன்றாண்டுக்கொருமுறை தம் பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தாதியும் அக்காலத்துள் 35 மணிநேரமேனும் கற்றமையைக் காட்டல் வேண்டும் என விதிக்கப்பட்டது.

இல்லச் சகோதரி முதல் இவ்விதி ஈறாக அமைந்தவை யாவும் ஒரு கருத்தையே உணர்த்துவன. தன்னம்பிக்கை சான்றிதழோடு வருவதன்று. அடிப்படைகளை மீள மீளக் கற்பதாலும், மூத்தோர் துணையாலும் வருவது. மருந்தின் அளவை மீண்டுங் கணித்துப் பார்த்தலும், ஐயுற்றவிடத்து வினாவுதலும் தாதிக்கு இழுக்கல்ல. அவ்வாறு வினாவ அஞ்சாத சூழலை அமைத்தல் வைத்தியசாலையின் கடனாகும். அக்கடன் தவறின், அதன் விளைவை நுகர்வோன் நோயாளியே.