ஓர் 'அ'வைத் தேடி

ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் கி.மு. 520-ஐ ஒட்டி மன்னன் டேரியஸ் வெட்டுவித்த கல்வெட்டில் 'செய்தேன்' என்பதற்கு 'அகுனவம்' என்று இருக்கிறது. தஜிகிஸ்தானின் யாக்னோப் பள்ளத்தாக்கு மக்கள் இன்றைக்கும் 'அகுனிம்' என்கிறார்கள். இறந்தகாலம் காட்டும் இந்த 'அ' முன்னொட்டு சமஸ்கிருதம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 'அபவத்' என்பதில் நிற்பதும் இதே 'அ'தான். பாரசீகமோ அதை எப்போதோ உதறிவிட்டு, 'கர்தம்' என்று போய்விட்டது. அப்படியென்றால் இடைப்பட்ட ஈராயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அந்த 'அ' எங்கே குடியிருந்தது?

சந்தேகம் முதலில் சோக்டிய மொழி மேல் விழுந்தது. சமர்கந்து வணிகர்களின் மொழி அது. யாக்னோப் மக்கள் பேசும் யாக்னோபிக்கு நெருங்கிய உறவு. அந்த மொழி அடையாளம் காணப்பட்டதே ஒரு துப்பறியும் கதை. துர்ஃபானிலிருந்து பெர்லினுக்கு வந்த ஏட்டுத் துண்டுகளில் இன்னதென்று தெரியாத ஈரானிய மொழியொன்று இருந்தது. அல்பிரூனி கி.பி. 1000 வாக்கில் எழுதிய காலக்கணக்கு நூலில் சோக்டியர்களின் மாதப் பெயர்களைக் குறித்துவைத்திருக்கிறார். துண்டுகளில் இருந்த மாதப் பெயர்கள் அவற்றோடு பொருந்தின. ஆந்திரேயாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் மொழிக்குப் பெயர் சூட்டிவிட்டார்.

என் தேடல் ஓலைகளிலும் ஒப்பந்தங்களிலும் தொடங்கியது. 1907-இல் ஆரெல் ஸ்டைன் துன்ஹுவாங் அருகே காவல்கோபுரக் குப்பையில் எடுத்த கடிதங்கள், 1930-களில் தஜிக் மலையான முக்கில் கிடைத்த பஞ்சிகென்ட் அரசின் தஸ்தாவேஜுகள் என்று எல்லாவற்றையும் புரட்டினேன். இரண்டாவது தொகுப்பின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. அந்த மலை யாக்னோபுக்கு அவ்வளவு பக்கம். ஊர்ப்பேச்சு எட்டிப்பார்க்காதா என்று நினைத்தேன். ஆனால் எழுதியவர்கள் அரசாங்கக் குமாஸ்தாக்கள். உலகத்தில் எந்தக் குமாஸ்தா வீட்டுப் பேச்சில் பத்திரம் எழுதியிருக்கிறான்?

தவிர, பாக்கியும் வட்டியும் பேசும் காகிதத்தில் 'அவன் கேட்டான், அவள் சொன்னாள்' என்பதற்கு வேலை குறைவு. கதை வேண்டும். வெஸ்ஸந்தர ஜாதகம் என்னும் பௌத்தக் கதையின் சோக்டிய வடிவம் துன்ஹுவாங்கிலிருந்து பாரிசுக்குப் போயிருந்தது. ரோபேர் கோத்தியோ அதை 1912-இல் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே யாக்னோபுக்கு நேரில் போய் வந்த மனிதர் அவர். ஏட்டையும் வாய்மொழியையும் ஒருசேரப் பார்த்த அந்தக் கண்ணுக்கு எல்லாம் பிடிபட்டிருக்கும். போர் விடவில்லை. காயம்பட்டு 1916-இல் இறந்தார். அவர் தொடங்கிய சோக்டிய இலக்கணத்தின் இரண்டாம் பாகத்தை எழுதி 1929-இல் வெளியிட்டவர் பென்வெனிஸ்த்.

அந்த இலக்கண வழியில் போனபோதுதான் ஆள் அகப்பட்டது. சோக்டிய எழுத்து உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். 'கேள்' என்னும் வினை 'பத்கோஷ்'. ஏட்டில் ப-த-க-வ-ஷ என்று இருக்கும். 'கேட்டான்' என்னும்போது ப-த-ய-க-வ-ஷ. நடுவில் ஒரே ஒரு 'ய' கூடியிருக்கிறது, வாசிப்பு 'பதீகோஷ்'. 'பத்' என்பது பழைய முன்னிடைச்சொல். அதற்கும் வினைக்கும் இடையில் மாட்டிக்கொண்ட 'அ'வின் மிச்சமே அந்த 'ய'. முன்னிடைச்சொல் இல்லாத வினைகளில் மறைப்புக் கிடையாது; சொல்லின் முகப்பில் நின்ற 'அ' பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. 'வேன்', அதாவது 'பார்', இறந்தகாலத்திலும் 'வேன்'தான்.

யாக்னோபியில் நிலைமை தலைகீழ். அங்கே 'அ' வாசலிலேயே நிற்கிறது. ஏட்டு மொழி முகப்பில் இழந்துவிட்டதை அதன் மகள் எங்கிருந்து எடுத்துக்கொள்வாள்? ஆகவே யாக்னோபியைச் சோக்டியத்தின் நேர் வாரிசு என்று பயணநூல்கள் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எழுத்துக்கு வராத ஒரு பக்கத்துப் பேச்சின் வாரிசு என்பதே சரி. ஆய்வாளர்கள் பலரும் இப்போது அப்படித்தான் கொள்கிறார்கள்.

வாய்மொழிச் சான்றுக்கு ஆந்திரேயெவும் பெஷ்செரேவாவும் 1957-இல் வெளியிட்ட யாக்னோபி உரைத்தொகுப்பு இருக்கிறது. அதன் அருமை பின்னால்தான் தெரிந்தது: 1970-இல் சோவியத் அரசு பள்ளத்தாக்கையே காலிசெய்து, மக்களைச் சஃபரோபோத் சமவெளியில் பருத்தி எடுக்க இறக்கிவிட்டது. 1980-களில் சில குடும்பங்கள் மேலே திரும்பின. கீழே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் தஜிக்கில் படித்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் இந்த 'அ' எந்தெந்த வினைகளில் தரித்திருக்கிறது என்பதைப் பழைய தொகுப்போடு வைத்து ஒப்பிடுவதே இப்போது என் மேசையில் இருக்கும் வேலை.