பச்சை அட்டை முதல் வெறும் ரசீது வரை: ரோஹிங்கியா வெளியேற்றத்தின் ஆவண வரலாறு

1978 ஜூலையில் பர்மாவும் வங்கதேசமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 'இரகசியம்' என்று குறிக்கப்பட்ட அந்த ஆவணத்தில், நாஃப் ஆற்றைக் கடந்து ஓடிவந்திருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பர்மாவில் சட்டப்படி குடியிருப்பவர்கள் என்று பர்மிய அரசே ஒப்புக்கொண்டது. தேசியப் பதிவு அட்டையைக் காட்டினால் குடும்பத்தோடு திரும்பலாம். 1992இல் வந்த அடுத்த உடன்பாடு அதே மக்களை மியான்மர் சமூகத்தின் உறுப்பினர்கள் என்றது. 2017 நவம்பரில் கையெழுத்தான மூன்றாவது உடன்பாட்டுக்கு அவர்கள் ரக்கைன் மாநிலத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், அவ்வளவுதான். துரத்தல் மும்முறை. ஒவ்வொரு முறையும் சொல் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

ரோஹிங்கியா இனப்படுகொலையை 2017 ஆகஸ்ட் 25இலிருந்து தொடங்கிச் சொல்வதே வழக்கம். இக்கட்டுரை அதற்கு முந்தைய நாற்பது ஆண்டு அட்டைகளையும் பதிவேடுகளையும் பின்தொடர்கிறது. அகதி நெருக்கடி படுகொலைக்குப் பின் வந்து சேர்ந்த துயரம் மட்டுமன்று. உரிமை எதையும் மீட்டுத் தராமல் மக்களைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு 'தீர்வும்' அடுத்த வெளியேற்றத்துக்கு அடிக்கல் நாட்டியது என்பதே இதன் வாதம்.

'வங்காளத்திலிருந்து வந்தேறியவர்கள்' என்ற குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடலாம். 1826இல் அரக்கான் (இன்றைய ரக்கைன்) பிரிட்டிஷார் கைக்குப் போனபின் சிட்டகாங் பகுதியிலிருந்து வயல் வேலைக்குப் பலர் வந்தது உண்மை. அதற்கும் முன்பே, 1799இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தம்மை 'ரூயிங்கா' என்று அழைத்துக்கொள்வதைக் குறித்து வைத்ததும் உண்மை. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது முஸ்லிம்கள் பிரிட்டிஷார் பக்கமும் ரக்கைன் பௌத்தர்களில் பலர் எதிர்ப்பக்கமும் நின்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். வடக்கு முஸ்லிம்களுக்கு, தெற்கு பௌத்தர்களுக்கு என்று நிலம் பிளந்தது. 2017இல் படைத் தலைவர் மின் ஆங் ஹ்லைங் 'முடிக்கப்படாத வேலை' என்று பேசியபோது அவர் விரல் சுட்டியது இந்தப் பழைய கணக்கைத்தான்.

விடுதலைக்குப் பிந்தைய பர்மா இவர்களை அந்நியராக நடத்தவில்லை. 1950களில் ஆண்களுக்குப் பச்சையும் பெண்களுக்கு இளஞ்சிவப்புமாகத் தேசியப் பதிவு அட்டைகள் கொடுக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் அவர்களுடைய பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். பிரதமர் ஊ நூ ஆட்சியில், 1961இல், மாயு எல்லைப்புற நிர்வாகம் என்று வடக்கு அரக்கானுக்குத் தனி மாவட்டம் அமைந்தது. ரங்கூன் வானொலியில் ரோஹிங்கியா மொழி நிகழ்ச்சியும் ஒலித்தது. பின்னாளில் 'அப்படி ஓர் இனமே கிடையாது' என்று சாதித்த அரசு, அந்த இனத்தின் பெயரால் வானொலி நடத்திய அரசேதான். படைத் தளபதி நே வின் 1962இல் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் மாயு நிர்வாகம் கலைக்கப்பட்டது.

1978 பிப்ரவரியில் 'நாகமின்' என்னும் நாகராஜ நடவடிக்கை தொடங்கியது. பெயரளவில் அது குடிமக்கள் யார், அந்நியர் யார் எனப் பிரிக்கும் ஆவணச் சோதனை. கைதும் வன்முறையும் கூடவே வர, மக்கள் ஆற்றைக் கடந்தார்கள். முகாம்களில் அவர்கள் பட்டது வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. திரும்பிப் போக விரும்பாதவர்களை அசைப்பதற்காக உணவுப் பங்கீடு இறுக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இதைப் பதிவு செய்தவர் காக்ஸ் பஜாரில் இருந்த ஐ.நா. அகதிகள் முகமையின் சொந்த அதிகாரி. எஞ்சியோரில் பெரும்பாலோர் 1979 முடிவதற்குள் திரும்பினார்கள். அதை 'விருப்பத்தோடு திரும்புதல்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டப்படி குடியிருப்பவர்கள் என்று ஏற்று நான்கு ஆண்டுகள் ஆனதும் 1982 குடியுரிமைச் சட்டம் வந்தது. முதல் ஆங்கிலேய–பர்மியப் போருக்கு முன், அதாவது 1823க்கு முன், மண்ணில் நிலைகொண்ட 'தைங்யிந்தா' இனங்களுக்கே பிறப்பால் முழுக் குடியுரிமை. எந்த இனம் அதில் சேரும் என்பதை அரசே முடிவு செய்யும். அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படும் 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா இல்லை. 1948க்கு முன்பே குடியிருந்ததை நிறுவினால் தாழ்ந்த படிநிலைக் குடியுரிமை பெறச் சட்டத்தில் வழி இருந்தது. நிறுவுவதற்குத் தாள் வேண்டுமே! 1989இல் புதிய நிற அட்டைகள் அறிமுகமானபோது பழைய அட்டைகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ரோஹிங்கியாக்களும் ஒப்படைத்தார்கள், பெரும்பாலோருக்குப் புதியது வரவே இல்லை.

பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் ஒரு பழைய வாடை அடிக்கும். 1964இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். சென்னை பர்மா பஜார் அப்படி உருவானதுதான். ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. அவர்களை ஏற்றிவர ஒரு நாடு கப்பல் அனுப்பியது. ரோஹிங்கியாக்களை ஏற்க நாஃபின் மறுகரையில் இருந்த நாடும் தயாராக இல்லை.

1991–92இல் கட்டாய உழைப்புக்கும் படைக் குவிப்புக்கும் அஞ்சி மேலும் இரண்டரை லட்சம் பேர் ஓடினார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1995 முதல் கையில் கொடுக்கப்பட்டது வெள்ளை அட்டை, அதாவது தற்காலிகப் பதிவு. சொந்த நாட்டில் தற்காலிகம்! அடுத்த நகரியத்துக்குப் போகத் தனி அனுமதிப் படிவம். திருமணத்துக்கு அனுமதி. வடக்கு ரக்கைனின் மங்டோவில் 2005 முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற உள்ளூர் ஆணை. இவற்றையெல்லாம் கட்டிக் காத்தது வீட்டுப் பட்டியல். ஆண்டுதோறும் அதிகாரிகள் வந்து குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம் பிடிப்பார்கள். அன்று வீட்டில் இல்லாதவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படலாம். ஓர் இனக்குழுவை அழிக்கும் நோக்கத்தோடு அதன் வாழ்நிலையை வேண்டுமென்றே சிதைப்பதையும் பிறப்பைத் தடுப்பதையும் 1948 இனப்படுகொலை ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு கொலைக்கு நிகராக வைக்கிறது. பர்மா 1956இல் ஏற்புறுதி அளித்த ஒப்பந்தம் அது.

2012 கலவரங்களில் ஏறத்தாழ 1,40,000 பேர் வீடிழந்தார்கள்; பெரும்பாலோர் ரோஹிங்கியாக்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ரோஹிங்கியா' என்று சொன்னவர்களை எழுதாமலே விட்டார்கள். 2015இல் வெள்ளை அட்டையும் செல்லாததானது. ஒப்படைத்தவர்களுக்கு ஒரு ரசீதுச் சீட்டு கொடுத்தார்கள். 2010 தேர்தலில் அந்த அட்டையை வைத்து வாக்களித்தவர்களுக்கு 2015இல் வாக்கு இல்லை.

இந்த நிலையில்தான் 2017 ஆகஸ்ட் 25 வந்தது. அரக்கான் ரோஹிங்கியா மீட்புப் படை (அர்சா) என்ற ஆயுதக்குழு சுமார் 30 காவல் சாவடிகளைத் தாக்கியது. இராணுவம் தொடங்கிய 'துப்புரவு நடவடிக்கை'யில் குறைந்தது 392 கிராமங்கள் பகுதியாகவோ முழுமையாகவோ அழிந்ததை ஐ.நா. உண்மையறியும் குழு கண்டது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் வன்முறையால் குறைந்தது 6,700 பேர் இறந்தார்கள் என்பது எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மதிப்பீடு. 7,00,000க்கும் மேற்பட்டோர் வங்கதேசம் சேர்ந்தார்கள். இன் தின் கிராமத்தில் பத்து ஆண்கள் கொல்லப்பட்டதைத் துப்பறிந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரையும் விருந்துக்கு அழைத்த காவலர்கள், கையில் சில தாள்களைத் திணித்தார்கள். வெளியே வந்ததும் அந்தத் தாள்களுக்காகவே கைது. ஐநூறு நாட்களுக்கு மேல் அவர்கள் சிறையில் இருந்தார்கள். கொலைக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற ஏழு சிப்பாய்கள் ஓராண்டுகூட உள்ளே இருக்கவில்லை.

2019 நவம்பரில் காம்பியா சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் ஹேக் நகரில் மியான்மருக்காக வாதாடிய ஆங் சான் சூச்சி, அர்சாவின் முழுப்பெயரைச் சொன்ன இடத்தில் தவிர 'ரோஹிங்கியா' என்ற சொல்லையே தவிர்த்தார். 2020 ஜனவரி 23 இடைக்கால ஆணையில் நீதிமன்றம் அச்சொல்லைத் தயங்காமல் எழுதியது. ஒப்பந்தம் பாதுகாக்கும் குழுவாகவே அவர்கள் தோன்றுகிறார்கள் என்றது.

அகதிகளும் அதற்கு முன்பே பாடம் கற்றிருந்தார்கள். 2018 நவம்பரில் முகாம்களில் வேலைநிறுத்தம் நடந்தது. காரணம், ஐ.நா.வும் வங்கதேசமும் கொடுத்த புதிய அட்டையில் 'ரோஹிங்கியா' என்ற சொல் இல்லை. வெளியாருக்கு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். அதே மாதமும் அடுத்த ஆகஸ்டிலும் திருப்பி அனுப்பப் பேருந்துகள் வந்து நின்றன. ஒருவரும் ஏறவில்லை.

2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், 2024இல் ரக்கைன் இன ஆயுதக்குழுவான அரக்கான் படையிடம் ரக்கைன் நகரங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருந்தது. கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை அது அமல்படுத்தியது. குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும் அந்தச் சட்டத்தின் பேரில் ரோஹிங்கியா இளைஞர்களையும் பிடித்தார்கள். வந்து துப்பாக்கி ஏந்தினால் குடியுரிமை அட்டை தருவதாக வாக்குக் கொடுத்தார்கள்.