சணல் ஆலையும் சி ஷிப்டும்

போன மாசம் ஒரு நைட் ட்யூட்டி. விடியற்காலை நாலு மணிக்கு ஒரகடம் பக்கமிருந்து ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு 28. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். சி ஷிப்டில் வண்டியை விட்டு இறங்கும்போது மயங்கி விழுந்திருக்கார். பிரஷர் 90/60. ஈசிஜி நார்மல். விசாரிச்சா, மூணு வாரமா ரெண்டு வேளை சாப்பாட்டை விட்டுட்டு ஏதோ ஒரு டப்பா பவுடரைக் கரைச்சுக் குடிச்சிருக்கார்.

முன்னாடி கையால லோடிங் வேலை. ஃபோர்க்லிஃப்டுக்கு மாறின ரெண்டு வருஷத்தில் 14 கிலோ ஏறிடுச்சு. "வாயைக் கட்ட முடியலை சார், என் தப்புதான். விழுந்தது தெரிஞ்சா வண்டியைக் குடுக்க மாட்டாங்க" என்றார். கான்ட்ராக்ட் வேலை.

தப்பு யாருடையதுன்னு பார்க்க, 1956க்குப் போகணும். கூட வாங்க.

கல்கத்தா பக்கம் ஒரு சணல் ஆலை. ஹார்வர்டைச் சேர்ந்த ஊட்டச்சத்து அறிஞர் ஜீன் மேயர், ராய், மித்ரா என்ற இருவரோடு சேர்ந்து அங்கே ஓர் ஆய்வு செய்து அந்த வருஷம் வெளியிட்டார். 213 பேர். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கிறவங்க, குமாஸ்தாக்கள், நெசவாளர்கள், நிலக்கரி அள்ளுறவங்க வரை. யார் எவ்வளவு சாப்பிடுறாங்க, என்ன எடை, எவ்வளவு உழைக்கிறாங்க என்று ஒப்பிட்டாங்க.

உழைப்பு கூடக் கூட சாப்பாடும் கூடியது, ஆனா எடை ஏறலை. இது நாம எதிர்பார்க்கிறதுதான். ஆச்சரியம் மறுமுனையில. உட்கார்ந்தே இருந்தவங்க, லேசான வேலை செஞ்சவங்களை விட அதிகமா சாப்பிட்டாங்க. எடையும் அவங்களுக்குத்தான் அதிகம்!

புரியுதா? உடம்பு அசையும்வரை பசி கணக்காக வேலை செய்யுது. அசைவு ஒரு அளவுக்குக் கீழே போனா, பசி அதுக்கேத்த மாதிரி குறையிறதில்லை. கணக்கு தப்பிப் போகுது. (ஒரே ஒரு ஆய்வுதான். குண்டானவங்க உட்காரும் வேலையைத் தேடிப் போயிருக்கலாம், கடைக்காரர் கையில் காசும் கூட இருந்திருக்கலாம். ஆனா என் ஓபியில் தினமும் பார்க்கிறது இதோட ஒத்துப்போகுது.)

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், ஏரியும் நெல்லுமா இருந்த ஊர். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சது. 2006ல் நோக்கியா, 2010ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான். நாத்து நட்ட அம்மாவோட பையன் வாசலில் கம்பெனி பஸ் ஏறி, லைனில் இறங்குறான். சோறு மட்டும் அம்மா போட்ட அதே அளவு.

இன்னொண்ணு. 250 பேருக்கு மேல வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருக்கணும்னு சொன்னது 1948 தொழிற்சாலைகள் சட்டம். தொழிலாளி ஒல்லியா, பசியோட இருந்த காலத்துச் சட்டம். நல்ல சட்டம், குறை சொல்லலை. ஆனா அந்தக் காலத்துத் தட்டு இன்னும் மாறலை: மலையா சோறு, ஓரத்தில் பொரியல், முட்டை இருந்தா அதிர்ஷ்டம்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பிஎம்ஐ 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21ல் 40.4. ஆண்கள் 28.2லிருந்து 37. அஞ்சு வருஷத்தில் இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் மன உறுதி போயிடுச்சா என்ன?

இதோட ராத்திரி ஷிப்ட் வேற. 2004ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க. பத்து மணி நேரம் படுத்த நாட்களோட ஒப்பிட்டா, போதும்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைவு. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடுதல். அதிகம் கேட்டது இனிப்பும் மாவுச்சத்தும்தான். ரெண்டே ராத்திரிக்கு இது! இவர் மாசத்தில் ஒரு வாரம் சி ஷிப்ட். அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு சாப்பிடுற சோத்தை உடம்பு பகல் மாதிரி கையாளாது, சர்க்கரை கூடுதலா ஏறும்.

தைராய்டு, சர்க்கரை பார்த்தோம், நார்மல். எடை ஏறினா ஸ்டீராய்டு மருந்து, குறட்டை, பெண்கள்னா பிசிஓஎஸ், இதெல்லாமும் கேட்கணும்.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். பவுடரை நிறுத்துங்க. ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னாடி வயிறார சாப்பாடு, பாதித் தட்டு காய். நடுராத்திரி ரெண்டு அவிச்ச முட்டை அல்லது சுண்டல். ஒரு ஷிப்டில் ஆறு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 60 கிராம், 240 கலோரி. அதை முதல்ல விடுங்க. ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டி ஏழு மணி நேரம் தூக்கம். பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடை. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினா போதும்.

வேலைக்குப் போகலாம்னு சர்டிபிகேட் உடனே கேட்டார். ரெண்டு நாள் சாப்பிட்டு, தூங்கி, பிரஷர் சரியான பிறகுதான் கொடுத்தேன். கோபம்தான் அவருக்கு. இடுப்பு 104 செ.மீ. இருந்தது, நம்ம ஆண்களுக்கு 90க்குள்ள இருக்கணும். அடுத்த மாசம் பகல் ஷிப்ட் வாரத்தில் திரும்ப அளக்க வரச் சொல்லியிருக்கேன்.