காஞ்சொறி: ஒரு பெயரும் மூன்று செடிகளும்

கிள்ளானுக்கு அப்பாலுள்ள எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, காஞ்சொறிக் கீரை உடம்புக்கு நல்லதாமே? லயத்துக்குப் பின்னால் நிறைய இருக்கிறது, பறித்து வரட்டுமா?" என்றான். போய்ப் பார்த்தேன். அவன் காட்டியது ஜெலாத்தாங். அவன் படித்தது பொய்யன்று. காட்டியதும் சொறியும் செடியே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இம்மயக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு.

மேனாட்டார் உணவாகப் போற்றுவது 'ஊர்ட்டிகா டயோய்க்கா' என்னும் குளிர்நாட்டுச் செடி. எரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. இளந்தளிரை வேகவைத்தால் எரிச்சல் போய்விடும். இரும்பும் சுண்ணமும் உயிர்ச்சத்துகளும் நிறைந்த கீரை அது. அதன் மயிர்முனை கண்ணாடி போல் ஒடிந்து, உள்ளிருக்கும் நீரைத் தோலில் செலுத்தும். அந்நீரில் ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் உள்ளன என்று எம்மெலின், பெல்ட்பெர்க் என்னும் இரு ஆய்வாளர் 1947-இல் காட்டினர்.

நம் முன்னோர் அறிந்த சிறுகாஞ்சொறியோ வேறு குடும்பத்தது, ஆமணக்கின் இனம். இதன் மயிரில் ஊசி போன்ற படிகம் இருந்து குத்துகிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் இச்செடி 'சொறியணம்' என்னும் மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. 'சொறி' என்னும் நம் சொல் ஐரோப்பிய நூலேறிய கதையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். 1753-இல் லின்னேயஸ் இதற்குத் 'திராகியா' எனப் பெயரிட்டார். அப்பெயர் ஜெர்மானிய மூலிகை அறிஞர் போக்கை நினைவூட்டுவது. சித்த மருத்துவர் நாடுவது இதன் வேரை. 2020-இல் தமிழ்நாட்டில் பெருவாரியாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. அக்குடிநீர் அந்நோயைத் தீர்த்ததா என்பது வேறு வழக்கு. இங்கே அதற்குள் புகவில்லை. கேரளத்தார் ஆடி மாதத்துப் பத்திலைக் கறியில் கொடித்தூவை என்னும் சொறியிலையையும் சேர்ப்பர். ஆகவே சொறியிலை உண்ணும் வழக்கம் வெள்ளையரிடம் கற்றதன்று.

வேடிக்கை ஒன்று. குப்பைமேனியின் அறிவியற் பெயரான 'அக்கலைபா' கிரேக்கரின் காஞ்சொறிப் பெயர்தான். இலை ஒத்திருந்ததால் இட்டார்கள் போலும். குப்பைமேனி யாரையும் சுடாது; பூனையைத்தான் மயக்கும். அதனால் அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர்.

இனி நம் காட்டோரத்து ஜெலாத்தாங். ஊர்ட்டிகாவின் குடும்பமேயானாலும் இது கீரையன்று. புதராகவும் மரமாகவும் வளர்வது. இதன் நெருங்கிய உறவொன்றின் கொடுமையை லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர் தம் உடம்பிலேயே கண்டார். 1816-இல் புதுச்சேரிக்கு வந்தவர் அவர். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில் ஓர் இலை அவர் விரல்களில் உராய்ந்தது. முதலில் சிறு குத்தல். பின்னர்ப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு தேய்த்தாற்போன்ற எரிச்சல். நோவு அக்குள்வரை ஏறிற்று. நீரில் கையை வைத்தபோது மேலும் மிகுந்தது. முற்றும் தணிய ஒன்பது நாள் ஆயிற்றென அவரே எழுதி வைத்தார். ஊர்ட்டிகாவின் புகழைப் படித்துவிட்டு இதைப் பறிக்கப் புகும் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பெயர் பொதுவாயிருப்பதால் குணமும் பொதுவென்று கொள்வது மருந்தில் மட்டும் நிகழும் பிழையன்று; ஆனால் மருந்தில்தான் அது உடலைத் தொடுகிறது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ நாட்டு மருந்துக் கடைக்குச் செல்வோர் 'காஞ்சொறி' என்று மட்டும் சொல்லாமல், 'சிறுகாஞ்சொறி வேர்' என்று முழுப்பெயரும் உறுப்பும் சொல்லிக் கேட்டல் நலம். உண்ணும் முறையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். நம் நாட்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அதன்படி பதிவு பெற்றவரைத் தேடலாம்.

மாணவனிடம் இத்தனையும் சொன்னேனோ இல்லையோ, கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். "அப்படியானால் கீரைக்கு எதைப் பறிப்பது, ஐயா?" என்றான். பள்ளி வேலியோரத்து முருங்கையைக் காட்டினேன்.